ஆரம்பத்திலேயே மறுத்திருந்தால்

இருபத்தேழாவது விடைத்தாளின் பதினான்காம் பக்கத்துக்கு வந்ததும் மாடக்கண்ணுவின் சிவப்புப் பேனா ஓடாமல் நின்றுவிட்டது. மை தீரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கமும் இல்லை, அது இருபத்திரண்டாவது தாளிலேயே வந்து தலையாட்டிவிட்டுப் போய்விட்டது. திருச்சியில் விடைத்தாள் திருத்தும் முகாம். நீளக் கூடம், கிறீச்சிடும் மின்விசிறிகள், மேசைக்கு இரண்டு பேராகச் சட்டக் கல்லூரி ஆசிரியர்கள், காலையில் இருபது, மதியம் இருபது, ஆளுக்கு நாற்பது தாள். பாடம் சர்வதேசச் சட்டம். பதினொன்றாம் வினா, பதினைந்து மதிப்பெண்: சர்வதேசச் சட்டத்தின் மூலங்களையும் அடிப்படைத் தத்துவங்களையும் தக்க உதாரணங்களுடன் விளக்குக. இதுவரை இருபத்தாறு பிள்ளைகள் இதற்கு ஒரே நோட்ஸிலிருந்து ஒரே விடையை எழுதியிருந்தார்கள். நாடுகள் போட்டுக்கொள்ளும் உடன்படிக்கை, நாடுகள் காலங்காலமாக நடந்துகொண்ட வழக்காறு, நாகரிகமுள்ள எல்லா நாட்டுச் சட்டத்துக்கும் பொதுவான தத்துவங்கள், துணைக்குத் தீர்ப்புகளும் அறிஞர்களின் நூல்களும். பிறகு எல்லா நாடும் சமம், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும், இத்யாதி. கண்ணை மூடிக்கொண்டு எட்டு போடலாம். அவரும் அப்படித்தான் போட்டுக்கொண்டு வந்தார். இந்தத் தாளிலும் உடன்படிக்கை வரைக்கும் எல்லாம் சாதுவாகத்தான் போனது. வழக்காறு என்ற உபதலைப்புக்குக் கீழே, கோடு போட்டு, ‘உதாரணம்’ என்று எழுதி, அந்தப் பிள்ளை ஆரம்பித்திருந்தது: ‘ஒரு கல்லூரியின் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ தருகிறார்கள். ஒருவருக்கு மட்டும் பேப்பர் கப்.’

மாடக்கண்ணு சட்டென்று அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் வேலூர்ப் பக்கத்துக்காரர் ரஹமத்துல்லா, தன் தாள்களைச் சீட்டு கலைக்கிற வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்கிற சுபாவம் இல்லாத மனிதர், அல்லது இல்லாதவர் மாதிரி இருப்பவர். மாடக்கண்ணு விரல்களைக் கொஞ்சமாக விலக்கிப் படித்தார். ‘இப்படித் தர வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. ஆனால் பல ஆண்டுகளாக மாறாமல் நடக்கிறது. நீண்ட காலம் மாறாத நடத்தை என்ற முதல் கூறு இங்கே உள்ளது. தருபவர்கள் அப்படித் தருவதே முறை என்று எண்ணித் தருகிறார்கள். அதற்குத் தாம் கட்டுப்பட்டவர்கள் என்ற எண்ணமாகிய இரண்டாம் கூறும் உள்ளது. எனவே இது வழக்காறு. ஒரு வழக்காறு உருவாகும்போதே விடாமல் மறுத்து வரும் நாட்டை அது கட்டுப்படுத்தாது. இந்த ஆசிரியர் ஆரம்பத்திலேயே மறுத்திருந்தால் அது அவரைக் கட்டுப்படுத்தியிருக்காது. அவர் மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்காதவர் ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். எனவே பேப்பர் கப் அவரைக் கட்டுப்படுத்தும்.’ அவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை. நீதிபதி தீர்ப்பு வாசித்துவிட்டு எழுந்து போன மாதிரி அடுத்த உபதலைப்பு.

யார் எழுதியது? அதைவிட, இந்தக் கட்டு எப்படி அவர் கைக்கு வந்தது? விதி என்ன சொல்கிறது என்றால், தன் கல்லூரித் தாளைத் தானே திருத்தக் கூடாது. அதற்காகத்தானே முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பொய் எண் போட்டு, ஊர் ஊராகக் கலக்கிவிடுகிறார்கள். காலையில் கட்டு கொடுத்த எழுத்தர் அவர் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் அலமாரிக்குப் போனான். கேட்டானா? கேட்டான், கேட்டுவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்க்கிறவர்களை மாடக்கண்ணுவுக்கு ஐம்பத்திரண்டு வருஷமாகத் தெரியும், ஆனால் எழுத்தர்கள் பொதுவாகவே நிமிர்ந்து பார்க்கிறவர்கள்தானே, முகத்தைப் பார்க்காமல் எப்படிக் கட்டைக் கொடுப்பது. அப்படியும் விட முடியவில்லை. ஜூன் மாதம் துறைத்தலைவர் நமச்சிவாயம் ஓய்வு பெறுகிறார், அந்தப் பதவி அடுத்து மாடக்கண்ணுவுக்கு. அந்த நேரம் பார்த்து இப்படி ஒரு தாள். நமச்சிவாயத்துக்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் தெரியாத ஆள் கிடையாது. ஒரு பிள்ளையைப் பிடித்து எழுத வைத்து, அதை இவர் கட்டில் செருகி, இவர் பதினைந்துக்குப் பதினைந்து போட்டால், பார்த்தீர்களா, தன் பாட்டைப் பாடினவனுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டான் என்று சொல்லலாம். பூஜ்யம் போட்டால், பார்த்தீர்களா, குத்தமுள்ள நெஞ்சு என்று சொல்லலாம். ஆனால் கட்டின் மேல்சீட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது: பழைய பாடத்திட்டம், நிலுவைத் தேர்வு, இறுதி வாய்ப்பு. படித்து முடித்து வெளியே போய், இந்த ஒரு பேப்பர் பாக்கியாகி, வக்கீலாகப் பதிவு செய்ய முடியாமல் எங்கோ ஜெராக்ஸ் கடையிலோ யாரோ சீனியர் வீட்டு வாசலிலோ நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகள். இதில் தவறினால் இனி எழுத முடியாது, அந்தப் பாடமே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை, தன் கடைசிப் பரீட்சையில், நமச்சிவாயத்துக்காகக் கதை எழுதுமா? எழுதாது. எழுதாது என்று தெரிந்த பிறகும் நமச்சிவாயத்தின் முகம் போகவில்லை. சந்தேகத்துக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை, அதற்கு ஒரு முகம் கிடைத்தால் போதும், அது பாட்டுக்குக் குடித்தனம் நடத்தும்.

கல்லூரியில் ஆசிரியர் அறை வாசல் பக்கம் யார் யார் நிற்பார்கள்? வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வரும் வகுப்புத் தலைவர்கள். பதினொன்றரை மணிக்கு வேலம்மாள் டீ கொண்டுவருகிற நேரமாகத்தான் வந்து நிற்பார்கள். கம்பித் தாங்கியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வரும் சத்தம், நடுக்குழியில் சத்தமில்லாமல் ஒரு பேப்பர் கப். முத்துச்செல்வி என்று ஒரு பெண் இருந்தாள், கோவில்பட்டிப் பக்கம், ஒரு தடவை கப்பைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள், அவர் உடனே பதிவேட்டைக் கேட்டு வாங்கிக் குனிந்துகொண்டார். ஆரோக்கியசாமி என்று ஒரு பையன், கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிறவன். நமச்சிவாயத்தின் தங்கை மகன் ஒருவன், எதையும் பார்க்காத மாதிரி எல்லாவற்றையும் பார்க்கிறவன். கையெழுத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். வலப்பக்கம் சாய்ந்த, அவசரமில்லாத எழுத்து; யாருடையதாகவும் இருக்கலாம். யாருடையது என்று கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறார்? கண்டுபிடித்தால் தாளை ஒப்படைத்தாக வேண்டும். அடையாளம் காட்டிய தாள் என்று பழுப்பு உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள், விசாரணை முடிவதற்குள் அந்தப் பிள்ளைக்குத் தலை நரைத்துவிடும். இப்போதேகூட அப்படித்தானே? எந்தக் கல்லூரி என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வேறு எவருக்கும் தெரியாது, அவருக்கு மட்டும் தெரியும். அல்லது இதே மாதிரி வேறொரு கல்லூரியில் வேறொருவருக்கும் பேப்பர் கப் வருகிறதோ? அந்த யோசனை ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது, அடுத்த நிமிஷம் அந்த ஆறுதலை நினைத்து அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது.

முதல் நாள் நடந்தது சதி ஒன்றும் இல்லை, அதை அவர் சத்தியம் செய்து சொல்வார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம். அந்தக் கல்லூரிக்கு வேலைக்கு வந்த முதல் தலித் ஆசிரியர் அவர். அறையில் ஆறு பேர், ஆறு டம்ளர், அவர் ஏழாவது. வேலம்மாள் கையைப் பிசைந்துகொண்டு ஓடிப்போய் எதிர்க்கடையில் பேப்பர் கப் வாங்கிவந்து, ‘இன்னிக்கு ஒருநா பொறுத்துக்கோங்க சார்’ என்றாள். அவர் நன்றி சொல்லிக் குடித்தார். இரண்டாம் நாளும் டம்ளர் வாங்கவில்லை; வாங்குவார்கள். அடுத்த வருஷம் இரண்டு பேர் ஓய்வு பெற்றார்கள், இரண்டு டம்ளர் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது, கப் வந்துகொண்டுதான் இருந்தது. ஐந்தாம் வருஷம் புவனேஸ்வரி என்று ஒரு பெண் ஆசிரியர் சேர்ந்தார், முதல் நாளே புது டம்ளர், அடியில் நீலப் பூ போட்டது. அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததா? பெண்பிள்ளைக்கு என்று தனியாக வாங்கியிருக்கலாம். வேலம்மாளுக்குப் பழக்கமாகியிருக்கலாம், கை தானாகப் போகும். அவளை யாராவது சொல்லி வைத்திருக்கலாம், சொல்லாமலேயும் அவளுக்குத் தெரிந்திருக்கலாம், அவளும் ஊரில் இருப்பவள்தானே. நடத்தை கண்ணுக்குத் தெரியும், நடத்தைக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தை எந்தக் கோர்ட்டும் எட்டிப் பார்த்தது இல்லை என்று வகுப்பில் இவரே வருஷா வருஷம் சொல்கிறார். ஒரு நாடு பிறநாட்டுத் தூதருக்குச் சிவப்புக் கம்பளம் விரிப்பது மரியாதைக்கா, கடமை என்று எண்ணியா? மரியாதை என்றால் நாளைக்கே சுருட்டிவிடலாம், கடமை என்றால் முடியாது. கம்பளம் ஒன்றேதான், எண்ணம்தான் வேறு. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொண்டவர்களில் ஒன்று இப்போது திருப்பிக் கொடுத்திருக்கிறது.

மறுக்கவில்லை என்று அது எழுதியிருக்கிறது, மறுக்காததோடு நின்றிருந்தால்கூட ஒரு சப்பைக்கட்டு கட்டலாம். எட்டாம் வருஷமோ ஒன்பதாம் வருஷமோ, கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வந்தபோது வந்தவர்களில் ஒருவர், சாருக்கு மட்டும் ஏன் பேப்பர் கப் என்று வெள்ளந்தியாகக் கேட்டுத் தொலைத்தார். ஒரு மின்விசிறி, ஒரு கடிகாரம், அஞ்சு மனிதர்கள் டம்ளரின் விளிம்பைப் பார்த்தபடி. நமச்சிவாயம்தான் சிரித்துக்கொண்டே, ‘சாருக்குச் சுத்தம் ரொம்ப முக்கியம்’ என்றார். எல்லோரும் மாடக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். சிரித்து, ஆமாம் என்று தலையையும் ஆட்டினார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கன்னம் எரிகிறது. ஏன் சிரித்தார்? வேலை நிரந்தரமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பெரிய மகளுக்கு அப்போதுதான் பள்ளிக்கூடம் மாற்றியிருந்தது. இதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட காரணம். அந்த நொடியில் காரணம் ஒன்றும் இல்லை, முகம் தானாகச் சிரித்தது, தெருநாய் குரைத்தால் கால் தானாக ஒதுங்குவது போல. வீட்டில் மனைவி செல்லக்கனியிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. ‘நீங்க நாட்டுக்கு நாடு நியாயம் பேசுறவிய, ஒரு டம்ளரு கேட்டா வாயிலயிருந்து முத்தா உதிந்துரும்’ என்றாள். கேட்டால், அவர்கள் உடனே வாங்கித் தந்துவிடுவார்கள், அதுதான் பயம். ஐயையோ சார், நாங்க அப்படி நினைக்கவே இல்லையே என்று ஐந்து பேரும் பதறுவார்கள், வேலம்மாளைத் திட்டுவார்கள், அன்றிலிருந்து இவர் சாதியைக் கிளப்பினவர் ஆகிவிடுவார். கொரோனா வந்தது. எல்லோருக்கும் பேப்பர் கப். இரண்டு வருஷம் அந்த அறையில் அவர் சமமாக டீ குடித்தார். ஊரெல்லாம் செத்துக்கொண்டிருந்த காலம் அது, அந்தக் காலத்தில்தான் தனக்கு நிம்மதியாக டீ இறங்கியது என்பதை அவர் செல்லக்கனியிடம்கூடச் சொன்னதில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை டம்ளர்கள் திரும்பி வந்தன. எல்லோருக்கும். நடுக்குழியில் கப். அன்றைக்குச் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. அன்றைக்கும் அவர் குடித்தார்.

ரஹமத்துல்லா நிமிர்ந்து, என்ன சார், அரைமணி நேரமாக ஒரே தாளில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். எழுத்து புரியவில்லை என்றார் மாடக்கண்ணு. புரியாத எழுத்துக்கு ஆறு போட்டுவிட்டுப் போகலாம் என்பது ரஹமத்துல்லாவின் கொள்கை. மணி மூன்றாகிவிட்டது, நாலரைக்குக் கட்டை ஒப்படைக்க வேண்டும், இன்னும் பதின்மூன்று தாள். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தார். மற்ற விடைகள் எல்லாம் சுமார். பயந்து பயந்து எழுதியவை. கூட்டினால் முப்பத்து மூன்று. தேற நாற்பத்தைந்து. இந்த விடைக்குப் பன்னிரண்டு கிடைத்தால் தேறும், பதினொன்று என்றால் அந்தப் பிள்ளையின் ஐந்து வருஷப் படிப்பு ஓட்டையோடு நிற்கும். அவருக்கே சிரிப்பு வந்தது. சமன் செய்து வைத்த தராசுத் தட்டு போல அல்லவா இருக்கிறது. இதையும் நமச்சிவாயம் கணக்குப் போட்டு வைத்தார் என்று நினைத்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில்தான் இடம் தேட வேண்டும். சரி, விடைக்கு என்ன தகும்? நாலு மூலங்களும் இருக்கின்றன. தத்துவங்கள் இருக்கின்றன. உதாரணம் சொந்தமாக இருக்கிறது, நாற்பது தாளில் ஒன்று அப்படி இருந்தால் எந்த ஆசிரியனும் எழுந்து நின்று கும்பிடுவான். விடைக்குறிப்பு என்று மேசையில் கிடக்கும் காகிதத்தைப் பார்த்தால் எல்லாப் புள்ளியும் வந்திருக்கிறது, தொடர்ந்து மறுப்பவர், மௌன ஏற்பு, எல்லாம். பதின்மூன்று, பதினாலுகூடப் போடலாம். போட்டால்? போட்டால் அவர் ஒத்துக்கொண்டதாக ஆகிறது. பேப்பர் கப் அவரைக் கட்டுப்படுத்தும் என்று ஒரு பிள்ளை எழுத, சரி என்று அவரே சிவப்பு மையில் குறி போட்டதாக ஆகிறது. தப்பு என்று அவருக்குத் தெரியும். பேச முடிந்தவன் பேசாமல் இருப்பதுதான் ஏற்பு. பேசினால் போய்விடும் என்று பயந்து கிடக்கிறவன் பேசாததை எந்தச் சட்டம் ஏற்பு என்றது? துப்பாக்கி முனையில் வாங்கிய கையெழுத்து உடன்படிக்கையே ஆகாதே. இதை அந்தப் பிள்ளைக்கு அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்தால் தன் கதையாகிவிடும் என்று அந்தப் பக்கத்தை வருஷா வருஷம் ‘நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிவிடுவார். தான் தாண்டிய பக்கத்துக்காக ஒரு பிள்ளைக்கு மூன்று மதிப்பெண் குறைப்பதா?

குறைப்பது சுலபம், அதுதான் இதில் அசிங்கம். ஒன்பது போட்டால் மொத்தம் நாற்பத்திரண்டு, யாரும் கேட்க மாட்டார்கள், தாள் பேசாமல் கட்டுக்குள் போய்விடும். நாற்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தேழுக்குள் வரும் தாளை மட்டும் முதன்மைத் தேர்வாளர் வாங்கிப் படித்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேலே தூக்கலாம் என்றால் பதினைந்துக்குப் பதினைந்து போட வேண்டும், முழு மதிப்பெண்ணையும் அவர் பார்த்தாக வேண்டும். ஆகத் தேற்றுவதற்குத்தான் சாட்சி வேண்டும். முதன்மைத் தேர்வாளர் டாக்டர் கற்பகவல்லி, சென்னை, கூடத்தின் கோடியில் தனி மேசை, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பவர். அவர் படிப்பார், படித்தால் கேட்பார், கேட்டுக்கொண்டே முகத்தைப் பார்ப்பார். காலையில் மாடக்கண்ணுவின் கல்லூரி எது என்று விசாரித்தார். ஏன் விசாரித்தார்? எல்லோரையும்தான் விசாரித்தார். பேனா ஒன்பதின் தலையைச் சுழித்துவிட்டது. சிவப்பில், சிறியதாக, பக்கத்து ஓரத்தில் ஒரு அரைவட்டம். அதை நீட்டி ஒன்பதாக்கலாம். இன்னும் முடிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டுப் போடலாம், நியாயமாகப் படித்துவிட்டுப் போடலாம். நியாயம் என்ற வார்த்தையை நினைக்கும்போதே தான் ஒரு சாக்கைத் தேடுகிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

அப்படிச் சாக்குத் தேடிப் படித்தபோதுதான், ‘எனவே பேப்பர் கப் அவரைக் கட்டுப்படுத்தும்’ என்பதற்குக் கீழே அடித்திருந்த ஒரு வரியில் கண் நின்றது. அடித்த வரியைத் திருத்துகிறவர்கள் படிப்பதில்லை, படிக்கவும் கூடாது, எழுதியவர் வேண்டாம் என்று சொன்னது அது. அவரும் அதைத் தாண்டித்தான் போயிருந்தார். இப்போது ஒரு குற்றம் கிடைக்காதா என்று பார்க்கிற கண், நமச்சிவாயத்தின் பெயரோ கிண்டலோ இதில் இருக்கலாம் என்று தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தது. ஒரே கோடாக இல்லாமல் அலை அலையாக மூன்று தரம் அடித்திருந்தது. வெளிச்சத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ‘நாங்களும் கேட்கவில்லை.’ இரண்டு வார்த்தை. அதை எழுதிவிட்டு, நாங்கள் என்று எழுதினால் அடையாளம் காட்டியதாகிவிடும் என்று பயந்து அடித்திருக்கிறது. அல்லது இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று அடித்திருக்கிறது. மாடக்கண்ணு தாளைக் கீழே வைத்தார். அந்தப் பிள்ளை வாசலில் நின்ற நாட்களை எல்லாம் அவர், தன்னைப் பார்க்கிறது, தன்னை எடைபோடுகிறது, ஹாஸ்டலில் போய்ச் சொல்லிச் சிரிக்கப் போகிறது என்றுதான் நினைத்திருக்கிறார். பதிவேட்டை வெடுக்கென்று பிடுங்கியிருக்கிறார். அது தன் பங்குக்கு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. படிப்பு முடிந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, தன் பிழைப்பைத் தீர்மானிக்கிற பரீட்சையில் உதாரணம் என்று யோசித்தபோது அதற்கு அந்தக் கப்தான் வந்திருக்கிறது. அவருக்கு அழுகை வரும் போலிருந்தது, சர்வதேசச் சட்டத் தாளின் மேல் அழுத முதல் தேர்வாளர் என்ற பெயர் வேண்டாம் என்று எச்சிலை விழுங்கினார். அரைவட்டத்தை அடித்தார். பக்கத்தில் பன்னிரண்டு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். பிறகு, யோசித்தால் திரும்பி உட்கார்ந்துவிடுவோம் என்று தெரிந்து, அதற்கு இடம் கொடுக்காமல் எழுந்து கற்பகவல்லியின் மேசைக்கு நடந்தார்.

கற்பகவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டினார். உதாரணத்துக்கு வந்ததும் அவர் புருவம் ஏறியதை மாடக்கண்ணு நின்றபடியே பார்த்தார். மூலங்களைக் கேட்டால் டீக் கதை எழுதி வைத்திருக்கிறதே என்றார் கற்பகவல்லி. இதற்கு ஆறுக்கு மேல் எப்படிப் போட்டீர்கள், நாடுகளைப் பற்றி அல்லவா கேள்வி. ஆறு என்ற சொல் காதில் விழுந்ததும் மாடக்கண்ணுவுக்கு எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தக்க உதாரணம் என்றுதான் கேள்வியில் இருக்கிறது, நாட்டு உதாரணம் என்று இல்லை என்றார். வரையறை சரி, இரண்டு கூறுகளும் சரி, நோட்ஸிலிருந்து நாலு நாட்டின் பெயரை ஒப்பித்த பிள்ளைக்கு எட்டு போடுகிறோம், புரிந்துகொண்டு எழுதிய பிள்ளைக்கு ஆறு போட்டால் நாம் எதைத் திருத்துகிறோம் என்றார். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வேண்டுமானால் எழுதியே கொடுக்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். கற்பகவல்லி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துக் கேட்டார்.

“எந்தக் காலேஜ்ல சார் இப்படி நடக்குது? உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றால் பழுப்பு உறை. மாடக்கண்ணு எழுதியிருப்பதை மட்டும்தான் பார்த்ததாகச் சொன்னார். சொல்லும்போது கண்ணைத் தாழ்த்தவில்லை. சந்தேகப்படட்டும், ஒரு ஆயுசுக்குச் சந்தேகப்பட்டவர் அவர், ஒரு பிற்பகல் சந்தேகிக்கப்படுவதால் ஒன்றும் குறைந்துவிடாது. கற்பகவல்லி மறுபடி தாளுக்குக் குனிந்து, இந்தத் தடவை மெதுவாக, பேனா முனையை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். அடித்த வரியைப் பேனா தாண்டிப் போனது. உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டினார். எழுத்தில் விஷயம் இருக்கிறது என்றார், ஒழுங்காகத்தான் கட்டிக்கொண்டு போயிருக்கிறது என்றார்.

“இத்தனை வருஷமா வாயைத் தொறக்காம குடிச்சிருக்கார்னா அந்த மனுஷனுக்குச் சம்மதம்னுதானே அர்த்தம்? அப்போ முடிவும் சரிதான். பன்னெண்டு இருக்கட்டும். என்ன சொல்றீங்க?”

இல்லை மேடம். அந்த இரண்டு வார்த்தையும் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. பத்தொன்பது வருஷம் வராத வார்த்தை, கேட்க ஆள் இருக்கிறது, கேள்வியே கேட்டாகிவிட்டது, சட்டமும் தெரியும், இதைவிட நல்ல சபை இனிமேல் வாய்க்காது. சம்மதம் இல்லை மேடம், அந்த மனுஷனுக்குப் பயம், பயந்தவன் பேசாததை ஏற்பு என்று எழுதக் கூடாது, முடிவு தப்பு. சொன்னால் கற்பகவல்லி ஒப்புக்கொள்வார், நியாயமானவர் மாதிரித்தான் தெரிகிறது. முடிவு தப்பா, அப்படியானால் மூன்றைக் குறையுங்கள் என்பார். நாற்பத்திரண்டு. மாடக்கண்ணு அந்தச் சாய்ந்த எழுத்தைப் பார்த்தார்.

“சரிதான் மேடம்.”

கற்பகவல்லி பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவர் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் தேர்வாளரும் போட வேண்டும். மாடக்கண்ணு நின்றபடியே, மேசையின் விளிம்பில் தாளை வைத்து, தன் முழுப் பெயரையும் சிவப்பில் எழுதினார். இத்தனை காலம் அவர் பேசாமல் இருந்ததும் தலையாட்டியதும் சிரித்ததும் எதுவுமே அவராகச் செய்தது இல்லை, இதை அவராகச் செய்தார். மொத்தம் நாற்பத்தைந்து. அந்தப் பிள்ளை தேறிவிட்டது. அந்த உதாரணத்தின் முடிவு தப்பு என்று தெரிந்த ஒரே ஆள் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த பதின்மூன்று தாளைத் திருத்தத் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.